வங்கி கேட்ட பாலிசி போதுமா? உணவகத்துக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

தமிழ்நாட்டில் சிறிய, நடுத்தர உணவகங்களை நடத்துபவர்களில் பலர் காப்பீட்டைத் தாமாகத் தேடிச் சென்று வாங்குவதில்லை. சமையலறைக் கருவிகளுக்கும் உள்ளலங்கார வேலைகளுக்கும் கடன் தரும் வங்கி, கடன் பத்திரங்களோடு ஒரு தீ விபத்துப் பாலிசியையும் கேட்கிறது. பிரீமியம் கடன் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகிறது. பாலிசித் தாள் வங்கியின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. உரிமையாளரின் மனத்தில் 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்ற எண்ணம் மட்டும் பதிந்துவிடுகிறது. எந்த இழப்புக்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்பது இழப்பு நேர்ந்த பிறகுதான் தெரிய வருகிறது.

அண்மை ஆண்டுகளில் செய்திகளில் வந்த மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். அதே கடையில் சாப்பிட்ட மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் சென்னையின் தாழ்வான பகுதிகளில் கடைகளுக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. 2024 மார்ச் 1 அன்று பெங்களூருவின் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்து, வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் காயமடைந்தார்கள். கடை சில நாட்கள் மூடப்பட்டது. இந்த மூன்றிலும் எழும் பணப் பொறுப்புகள் வெவ்வேறானவை. வங்கிக்காக எடுத்த தீ பாலிசி, இரண்டாவது நிகழ்வின் ஒரு பகுதிக்கு மட்டும் நிச்சயமாகப் பதில் சொல்லும். முதல் நிகழ்வுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆகவே, பாலிசிகளின் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவதைவிட, பணம் எந்தத் திசைகளில் கையைவிட்டுப் போகக்கூடும் என்பதிலிருந்து தொடங்குவதே சரியான முறை. உணவகத்துக்கு அப்படி நான்கு திசைகள் உண்டு.

1. சொந்தப் பொருள்கள் அழிவதால் அல்லது திருடு போவதால் வரும் இழப்பு.
2. வாடிக்கையாளர், கட்டட உரிமையாளர், அண்டைக் கடைக்காரர் போன்ற வெளியாருக்குச் செலுத்த வேண்டிய நட்டஈடு.
3. ஊழியருக்கு வேலையின்போது நேரும் விபத்துக்கான சட்டப் பொறுப்பு.
4. கடை மூடிக்கிடக்கும் காலத்தில் வராமல் போகும் வருமானமும் நிற்காமல் ஓடும் செலவுகளும்.

தீ பாலிசி இவற்றில் முதலாவதை மட்டுமே, அதிலும் ஒரு பகுதியை மட்டுமே தொடுகிறது. கடன் நிலுவையில் இருக்கும்வரை, பாலிசியில் உள்ள வங்கிக்கான பிரிவின்படி இழப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்கே போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பாலிசி முதன்மையாக யாரைக் காக்க எடுக்கப்பட்டது என்பது விளங்கும். வங்கியின் மேல் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது தன் பணத்துக்கான பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றிருக்கிறது. உணவகத்தின் பாதுகாப்பை உரிமையாளர்தான் கேட்டுப் பெற வேண்டும்.

தீ பாலிசி: எது உள்ளே, எது வெளியே

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் சிறு வணிகங்களுக்கான தீ காப்பீடு இரண்டு பொதுவான பாலிசிகளாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஓர் இடத்தில் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாவிட்டால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை என்றால் 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. தமிழ்நாட்டின் பெரும்பாலான தனி உணவகங்கள் முதல் வகைக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பாலிசியைத் தீ பாலிசி என்று அழைத்தாலும் அது தீயோடு நிற்பதில்லை. வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வாகனம் மோதுதல், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல் ஆகியவற்றால் வரும் சேதமும் இதில் அடங்கும். இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்து, அதன் தொடர்ச்சியாக 7 நாட்களுக்குள் பொருள் திருடு போனால் அதுவும் சேரும். பயங்கரவாதச் செயலால் வரும் சேதத்துக்கான பிரிவு தம் பாலிசியில் எந்த அளவுக்கு இடம்பெற்றிருக்கிறது என்பதை மட்டும் தனியாகப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

வெளியே நிற்பவை உணவகத்துக்கு மிக நெருக்கமானவை. மின்கசிவால் தீப்பிடித்துக் கடை எரிந்தால் கடைக்கு இழப்பீடு உண்டு. ஆனால் மின்னழுத்த ஏற்றத்தால் ஒரு ஃப்ரீசரின் மோட்டார் மட்டும் கருகினால் அந்த மோட்டாருக்கு இல்லை. ஃப்ரீசர் நின்றுபோய் உள்ளே இருந்த இறைச்சியும் மீனும் கெட்டுப்போனால், அது வெப்பநிலை மாற்றத்தால் வந்த இழப்பு என்பதால் இதில் சேராது. வருமான இழப்பு சேராது. பூட்டை உடைத்து நடக்கும் சாதாரணத் திருட்டும் சேராது.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை, மூங்கில் பந்தல், தார்ப்பாய்க் கூரை போட்டு அமர்விடம் அமைப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம். காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய கட்டுமானத்தைத் தனி வகையாகக் கணக்கிடுகின்றன. பிரீமியம் கூடும், சில நிறுவனங்கள் ஏற்கவே மறுக்கும். பிரீமியம் கூடிவிடுமே என்று அதை முன்மொழிவுப் படிவத்தில் சொல்லாமல் விடுபவர், கீழ்த்தளத்தின் கான்கிரீட் கட்டடத்துக்கான இழப்பீட்டையும் சேர்த்தே ஆபத்தில் வைக்கிறார். 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் மேல்தள உணவகங்களில் பரவிய தீயில் 14 பேர் உயிரிழந்த நிகழ்வுக்குப் பிறகு, கூரை அமர்விடங்களைப் பற்றி நிறுவனங்கள் கேட்கும் கேள்விகளை வெறும் சடங்காகக் கருத முடியாது.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போட்டால் நடப்பது என்ன

உணவகங்களின் இழப்பீடு குறைவதற்கு நான் முதன்மையாகக் கருதும் காரணம் இதுதான். கடன் தொகை எவ்வளவோ அவ்வளவுக்கே காப்பீடு செய்யும் பழக்கம், உரிமையாளரை அறியாமலேயே அவரையும் இழப்பில் ஒரு பங்காளியாக ஆக்கிவிடுகிறது.

ஓர் உணவகத்தில் உள்ள சமையலறைக் கருவிகள், மேசை நாற்காலிகள், குளிர்சாதனங்கள், உள்ளலங்காரம், சரக்கு எல்லாவற்றின் உண்மை மதிப்பு 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வங்கி கேட்ட 30 லட்சத்துக்கு மட்டும் பாலிசி இருக்கிறது. சமையலறையில் தீப்பிடித்து 10 லட்சம் ரூபாய்க்குச் சேதம். 'பாலிசி 30 லட்சம், சேதம் 10 லட்சம், முழுவதும் கிடைக்கும்' என்று உரிமையாளர் நினைப்பார். ஆனால் கணக்கு வேறு வகையில் போகும். மதிப்பில் ஐந்தில் மூன்று பங்குக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறார் என்பதால் சேதத்திலும் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 6 லட்சம் மட்டுமே கிடைக்கும். மீதி 4 லட்சம் அவருடைய பொறுப்பு. சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த எடுத்துக்காட்டில் குறைவு 40 சதவீதம் என்பதால் அந்தச் சலுகை உதவாது.

உண்மை மதிப்பைக் கணக்கிடும்போது கவனிக்க வேண்டியவை:

1. கருவிகளுக்கு, இன்று புதிதாக வாங்கிப் பொருத்த ஆகும் விலையைக் கொள்ள வேண்டும். மதிப்பீடு புதுப்பொருள் விலையிலா, தேய்மானம் கழித்த சந்தை விலையிலா என்பதைப் பாலிசியில் எழுதியிருக்கும். ஐந்து ஆண்டு ஓடிய பாய்லருக்குத் தேய்மானம் கழித்தால் கிடைக்கும் தொகையில் புதிய பாய்லர் வாங்க முடியாது என்பதால் முதல் முறையே உணவகத்துக்குப் பொருந்தும்.

2. பெரும்பாலான உணவகங்கள் 5 சதவீத ஜிஎஸ்டி வரி விகிதத்தில் இயங்குகின்றன. அவற்றுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எனவே கருவி வாங்கும்போது கட்டிய 18 சதவீத வரி திரும்பி வராத செலவு. 10 லட்சம் ரூபாய்க் கருவியை மறுபடி வாங்க 11.80 லட்சம் ஆகும் என்பதால் அந்தத் தொகைக்கே காப்பீடு செய்ய வேண்டும். பட்டியல் விலையை மட்டும் எழுதினால் தொடக்கத்திலேயே மதிப்பு குறைந்துவிடுகிறது.

3. உள்ளலங்காரத்தை மறந்துவிடக் கூடாது. பொய்க்கூரை, தரை ஓடுகள், சுவர்ப்பலகை, மின்வேலை, புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றுக்குப் பல கடைகளில் கருவிகளைவிடக் கூடுதலாகச் செலவாகியிருக்கும். அவற்றுக்கான பில்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடமே நின்றுபோயிருக்கும். கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

4. சரக்கு வேறொரு கிடங்கில் இருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் இருக்க வேண்டும். முகவரி இல்லாத இடத்தில் எரிந்த அரிசி மூட்டைக்குப் பாலிசி பொறுப்பேற்காது.

வாடகைக் கட்டடத்தில் கடை நடத்தும்போது

கட்டடம் வாடகையென்றால் கட்டடத்துக்குக் காப்பீடு செய்ய வேண்டியவர் அதன் உரிமையாளர், உள்ளே செலவு செய்த அலங்காரத்துக்கும் பொருள்களுக்கும் காப்பீடு செய்ய வேண்டியவர் வாடகைதாரர் என்பது பொதுவான பிரிவினை. இதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. வாடகைதாரரின் சமையலறையில் கவனக்குறைவால் தொடங்கிய தீ கட்டடத்தைச் சேதப்படுத்தினால், கட்டட உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று அந்தத் தொகையை உணவகத்திடம் கேட்க உரிமை பெறுகிறது. 'கட்டடக்காரர் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறார்' என்பது உணவகத்துக்கு எந்தப் பாதுகாப்பும் அல்ல.

நிறுவனங்கள் இந்த உரிமையை உண்மையிலேயே பயன்படுத்துகின்றன. டெல்லியில் ஒரு ஓட்டலில் கார் நிறுத்தும் ஊழியரிடம் சாவியைக் கொடுத்த விருந்தினரின் கார் 1998இல் திருடு போனது. அவருக்கு இழப்பீடு வழங்கிய யுனைடெட் இந்தியா நிறுவனம் ஓட்டலிடம் பணத்தைக் கேட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டலே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சீட்டில் 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தது ஓட்டலைக் காப்பாற்றவில்லை. வாடிக்கையாளரின் வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளும் உணவகங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பொறுப்புக் காப்பீட்டில் நம் வசம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு வழக்கமாக இடமில்லை, அதற்குத் தனிச் சேர்க்கை கேட்டுப் பெற வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் எழுதிக்கொள்வது பயனளிக்கும்: யார் எதற்குக் காப்பீடு செய்வது என்பது ஒன்று, கட்டட உரிமையாளரின் காப்பீட்டு நிறுவனம் வாடகைதாரரிடம் தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி பாலிசியில் குறிப்புச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு அந்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

சாப்பிட்டவருக்குப் பாதிப்பு வந்தால்

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இன் 65ஆம் பிரிவு, உணவால் நுகர்வோர் உயிரிழந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயம் ஏற்பட்டால் 3 லட்சம் வரையும், மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையும் நட்டஈடு வழங்க வகை செய்கிறது. உயிரிழப்புக்குச் சொல்லப்பட்டிருப்பது அடிமட்டத் தொகை, உச்சவரம்பு இல்லை. இதற்கு அப்பால் நுகர்வோர் ஆணையத்திலும் உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்கு வரலாம். ஒரே நாளில் ஒரே அண்டாவில் சமைத்த உணவு நாற்பது, ஐம்பது பேரைப் பாதிக்கக்கூடிய தொழில் இது என்பதால், ஒரு தனி மனிதரின் நட்டஈட்டை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

இதற்கான பாலிசி 'பொதுப் பொறுப்புக் காப்பீடு'. தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான வகையில் உணவகங்கள் சேரும். அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்காக, போபால் விபத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எடுக்கும் கட்டாயப் பாலிசி வேறு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாம் பேசுவது விருப்பத்தின் பேரில் எடுப்பது. அதனாலேயே பலரும் எடுக்காமல் விடுவது.

இந்தப் பாலிசியை வாங்கும்போது நான்கு இடங்களில் விரல் வைத்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, உணவு. அடிப்படைப் பொதுப் பொறுப்புப் பாலிசி, வழுக்கி விழுந்தவர், மேலிருந்து பெயர்ந்து விழுந்த பலகையால் அடிபட்டவர், சிலிண்டர் வெடிப்பில் காயமடைந்த வாடிக்கையாளர் போன்றோருக்கான பொறுப்பை ஏற்கும். உணவாலும் பானத்தாலும் வரும் பாதிப்புக்கு 'உணவு, பானம் வழங்கல்' என்ற சேர்க்கையைத் தனியாகக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். அது இல்லாத பொதுப் பொறுப்புப் பாலிசி, உணவகத்தின் தலையாய அபாயத்தை விட்டுவிட்ட பாலிசி.

இரண்டாவது, பார்சல். கடைக்குள் பரிமாறிய உணவும், கட்டிக்கொண்டு போய் வீட்டில் சாப்பிட்ட உணவும், செயலி வழியாக அனுப்பிய உணவும் பாலிசியின் கண்ணில் ஒன்றல்ல. கடையை விட்டு வெளியே போன பொருளால் வரும் பாதிப்புக்கு 'பொருள் பொறுப்புக் காப்பீடு' என்ற வேறொரு பாலிசி உண்டு. பார்சலிலும் செயலி விற்பனையிலும் பாதி வருமானம் வரும் கடை, உணவுச் சேர்க்கை கடைக்கு வெளியே உண்ட உணவுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பொருந்தாதென்றால் பொருள் பொறுப்புப் பாலிசியையும் சேர்க்க வேண்டும். கல்யாண வீடுகளுக்குச் சமைத்து அனுப்புபவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

மூன்றாவது, வரம்பு. இந்தியாவில் இந்தப் பாலிசிகளில் இரண்டு வரம்புகள் எழுதப்படும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு. 1:1 என்றால் ஒரே விபத்தில் முழுத் தொகையும் கிடைக்கும். 1:4 என்றால் ஆண்டு வரம்பில் கால் பங்குதான் ஒரு விபத்துக்கு. உணவு நஞ்சாதல் பலரை ஒருசேரப் பாதிக்கும் ஒற்றை நிகழ்வு என்பதால், உணவகத்துக்கு 1:1 அல்லது அதற்கு நெருக்கமான விகிதமே ஏற்றது என்பது என் கருத்து. பெரிய ஆண்டுத் தொகையைக் காட்டி விற்கப்படும் 1:4 பாலிசி, தேவைப்படும் நாளில் கால் பாலிசியாகவே நிற்கும்.

நான்காவது, காலம். இவை கோரிக்கை எழும் காலத்தை அடிப்படையாகக் கொண்ட பாலிசிகள். அதாவது, சம்பவம் பாலிசியில் குறிக்கப்பட்ட முந்தேதிக்கு, அதாவது எந்த நாள் முதலான சம்பவங்களைப் பாலிசி ஏற்கும் என்று எழுதப்பட்ட நாளுக்கு, பின் நடந்திருக்க வேண்டும்; கோரிக்கையும் பாலிசி நடப்பில் இருக்கும்போது வர வேண்டும். ஓர் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டாலோ, நிறுவனம் மாறும்போது பழைய முந்தேதியைத் தொடர்ந்து தரும்படி கேட்காமல் விட்டாலோ, முன்பு கட்டிய பிரீமியம் பழைய சம்பவங்களுக்குப் பயன்படாமல் போய்விடும்.

அபராதங்களுக்குக் காப்பீடு கிடையாது. பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவின் கீழ் வரும் சிறைத் தண்டனையையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதத்தையும் எந்தப் பாலிசியும் ஏற்காது. அதிகாரிகள் கடைக்கு முத்திரை வைத்ததால் வரும் வருமான இழப்பையும் வழக்கமான பாலிசிகள் ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அப்படித் தடை செய்யப்பட்ட பொருளைப் பரிமாறிய கடை, பாலிசியின் நிபந்தனைகளை மீறிய கடையாகவே நிறுவனத்தின் முன் நிற்கும்.

ஊழியர்கள்: இஎஸ்ஐ இருந்தும் விடுபடுபவர்

10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் உணவகம் இஎஸ்ஐ எனப்படும் ஊழியர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வரும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் அதில் சேர்க்கப்பட வேண்டும், உரிமையாளர் 3.25 சதவீதமும் ஊழியர் 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். வேலையின்போது நேரும் விபத்துக்கான பலன்களை இஎஸ்ஐ வழங்குவதால், அந்த ஊழியர் அதே விபத்துக்கு உரிமையாளரிடம் சட்டப்படியான தனி இழப்பீடு கோருவதில்லை.

விடுபடுபவர்கள் இரு வகையினர். 10 பேருக்குக் குறைவான கடைகளின் ஊழியர்கள் அனைவரும் ஒரு வகை. 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர்கள் மற்றொரு வகை. உணவகத்தில் அந்த ஊதியம் பெறுபவர் யார் என்று பார்த்தால், தந்தூரி மாஸ்டரும் பிரியாணி மாஸ்டரும் பரோட்டா மாஸ்டரும்தான். கொதிக்கும் எண்ணெய்க்கும் அடுப்புக்கும் மிக அருகில் நாளெல்லாம் நிற்பவர்களே இஎஸ்ஐ வளையத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

இவர்களுக்கான சட்டப் பொறுப்பு 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேலை தொடர்பான விபத்துக்கு, யாருடைய தவறு என்று பாராமல் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற அடிப்படை தொடர்கிறது. தொகையின் அளவை உணர ஒரு கணக்கு: 1923 சட்டத்தின் முறைப்படி உயிரிழப்புக்கு மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும், கணக்கில் கொள்ளும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். 30 வயதுக்கான காரணி 207.98. ஆகவே 7,500ஐ 207.98ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். சிறிய கடை ஒன்று இந்தத் தொகையைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு எழுந்து நிற்பது கடினம். ஊழியரின் குடும்பத்துக்கோ அது கட்டாயம் சென்று சேர வேண்டிய பணம். இந்த இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி.

பாலிசி எடுக்கும்போது ஊழியர் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் உள்ளபடி எழுத வேண்டும். வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கி வேலை செய்பவர்களும் பகுதிநேரப் பணியாளர்களும் கணக்கில் வர வேண்டும். மருத்துவச் செலவு அடிப்படைப் பாலிசியில் சேராமல் இருக்கலாம். தீக்காயச் சிகிச்சை நீண்டது, செலவு மிக்கது என்பதால் அதற்கான சேர்க்கையைக் கேட்டு வாங்குவது கடமை என்றே சொல்வேன்.

சொந்த ஆட்களை வைத்து வீடுகளுக்கு உணவு அனுப்பும் கடைகள் அவர்களின் இருசக்கர வாகனப் பாலிசியையும் பார்க்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான பாலிசியில் சரக்கு ஏற்றிச் செல்வதற்கு இடமில்லை. விபத்து நேர்ந்தால் நிறுவனம் அதைக் காரணம் காட்டும்.

கடை மூடிக்கிடக்கும் மாதங்கள்

சமையலறை எரிந்த கடை மறுநாள் திறப்பதில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை இடிபாடுகளை அகற்ற முடியாது; பிறகு மின்வேலை, புகைபோக்கி, தரை, உரிமங்கள், ஆய்வுகள். மூன்று நான்கு மாதங்கள் எளிதில் போய்விடும். அதற்குள் வாடகையும் கடன் வட்டியும் நிற்காது. மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்காவிட்டால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். கடையின் சுவையும் அவரோடு போய்விடும்.

மாதம் 12 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு கடையில், விற்பனையோடு ஏறி இறங்கும் செலவுகளான மளிகை, காய்கறி, இறைச்சி, எரிவாயு, பார்சல் பொருள்கள், செயலிக் கமிஷன் ஆகியவை 6.5 லட்சம் என்று கொள்வோம். மீதி 5.5 லட்சத்திலிருந்துதான் வாடகை, சம்பளம், வட்டி, லாபம் எல்லாம் வர வேண்டும். நான்கு மாதம் மூடினால் 22 லட்சம். முன்பு பார்த்த 10 லட்சம் ரூபாய் தீச் சேதத்தைவிட இது இரு மடங்குக்கும் மேல். இந்த இழப்புக்கானது 'தீ விபத்தால் லாப இழப்பு' பாலிசி. உணவகத் தொழிலில் இதன் தேவைக்கும் பயன்பாட்டுக்கும் உள்ள இடைவெளி எனக்குக் கவலை தருகிறது.

இதன் நிபந்தனைகள் மூன்று. ஒன்று, சொத்துச் சேதம் நடந்திருக்க வேண்டும். அந்தச் சேதத்துக்கான தீ பாலிசியும் நடப்பில் இருந்து, அதில் பொறுப்பு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். 2020இல் கொரோனா ஊரடங்கில் மாதக்கணக்கில் மூடப்பட்ட உணவகங்களுக்கு இந்தப் பாலிசி உதவாமல் போனதற்குக் காரணம், அங்கே எதுவும் எரியவோ இடியவோ இல்லை என்பதுதான். பக்கத்துக் கட்டடம் எரிந்து நம் கடைக்கு வழி அடைபட்டால் அதற்கும் தனிச் சேர்க்கை வேண்டும். இரண்டு, காப்பீட்டுத் தொகை ஆண்டு முழுவதற்குமான மொத்த லாபத்தின் மேல் அமைய வேண்டும். இங்கே மொத்த லாபம் என்பது விற்பனையிலிருந்து மேலே சொன்ன மாறும் செலவுகளை மட்டும் கழித்தது. எடுத்துக்காட்டுக் கடைக்கு அது 66 லட்சம். வருமான வரிக் கணக்கின் மொத்த லாபத்தை அப்படியே எழுதினால் தொகை குறைந்து, முன்பு சொன்ன விகிதக் கழிவு இங்கும் வரும். மூன்று, இழப்பீட்டுக் காலம். ஆறு மாதம் என்று வாங்கிவிட்டுக் கடை எட்டாம் மாதம் திறந்தால் கடைசி இரு மாதங்களுக்கு எதுவும் இல்லை. திறந்த பின்னும் பழைய கூட்டம் திரும்பச் சில காலம் ஆகும் என்பதையும் சேர்த்துக் காலத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

சிறு பிரிவுகள்

கொள்ளைக் காப்பீடு, வலுக்கட்டாயமாக உள்ளே நுழைந்ததற்கான அடையாளம் இருந்தால்தான் பயன்படும். கல்லாவில் உள்ள பணத்துக்கும் வங்கிக்கு எடுத்துச் செல்லும் பணத்துக்கும் பணக் காப்பீடு. ஊழியர் கையாடலுக்கு நம்பகக் காப்பீடு. ஃப்ரீசர், ஜெனரேட்டர், பெரிய கிரைண்டர்களுக்கு இயந்திரப் பழுதுக் காப்பீடு. அசைவம் மிகுதியாகச் சேமிக்கும் கடைகளுக்கு அதனோடு சரக்குக் கெடுதல் காப்பீடு. இவற்றில் பலவற்றைக் கடைக்காரர் தொகுப்புப் பாலிசியில் பிரிவுகளாகச் சேர்த்து வாங்கலாம். பணம் போதாதென்றால் இவற்றைத் தள்ளிவைக்கலாம். கண்ணாடிக்கும் பெயர்ப்பலகைக்கும் காப்பீடு செய்துவிட்டுப் பொறுப்புக் காப்பீட்டை விடுவது தலைகீழான தேர்வு.

இழப்பீடு மறுக்கப்படும் இடங்கள்

1. 14.2 கிலோ வீட்டு உபயோக சிலிண்டரை உணவகத்தில் பயன்படுத்துவது எரிவாயு விநியோக ஒழுங்குமுறை ஆணைக்கு எதிரானது. 19 கிலோ வணிக சிலிண்டர் தீர்ந்த நேரத்தில் வைத்த ஒற்றை வீட்டு சிலிண்டர் வெடித்தாலும், சட்டமீறலைக் காரணம் காட்டும் வாய்ப்பை அது நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

2. புகைபோக்கிக் குழாயில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு, சமையலறைத் தீ கூரைவரை பரவ முக்கிய வழி. குறிப்பிட்ட இடைவெளியில் சுத்தம் செய்வது பாலிசியில் நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தால், செய்த வேலைக்கான ரசீதுகள் வேண்டும்.

3. பாலிசி எடுத்தபின் தந்தூரி அடுப்பு சேர்த்தது, மாடிக்கு விரிவாக்கியது, கிடங்கை மாற்றியது போன்றவற்றை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும்.

4. பிரீமியம் முன்கூட்டியே சென்று சேராமல் காப்பீடு தொடங்குவதில்லை. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு இதைச் சொல்கிறது. முகவர் வாய்மொழியாகத் தந்த உறுதிக்கு இங்கே மதிப்பில்லை. திரும்பி வந்த காசோலை, பாலிசி இல்லாத நிலைக்குச் சமம்.

கணக்குப் புத்தகமே சாட்சி

இழப்பு நேர்ந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல், தீயணைப்புத் துறை அறிக்கை, தேவைப்படும் இடத்தில் காவல்துறைப் புகார், படங்கள் ஆகியவை முதல் வேலை. அதன்பின் சர்வேயர் கேட்பது கணக்கு. எரிந்த சரக்குக்குக் கொள்முதல் பில், கருவிகளுக்கு வாங்கிய பில், லாப இழப்புக்கு முந்தைய ஆண்டுகளின் ஜிஎஸ்டி விவரங்கள். பில் போடாமல் விற்ற விற்பனை சர்வேயரின் கணக்கில் இல்லாத விற்பனை. மாதம் 12 லட்சம் விற்றும் 7 லட்சம் காட்டிய கடைக்கு 7 லட்சத்தின் மேல்தான் இழப்பீடு கணக்கிடப்படும். பில்களின் நகல் கடைக்குள் மட்டும் இருந்தால் அதுவும் கடையோடு எரியும் என்பதால், வேறிடத்தில் மின்னணு வடிவில் ஒரு பிரதி இருப்பது அவசியம்.

நிறுவனத்தின் முடிவில் உடன்பாடு இல்லையென்றால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு. தனியொருவருக்குச் சொந்தமான கடைகளும் குறு நிறுவனங்களும் இவ்வழியைப் பயன்படுத்த முடியும். 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு 2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கும் மேற்படாதவை குறு நிறுவனங்கள் என்பதால் பெரும்பாலான உணவகங்கள் இதில் அடங்கும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் பிறப்பிக்கும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதற்கு மேற்பட்ட தொகைகளுக்கு நுகர்வோர் ஆணையமும் உரிமையியல் நீதிமன்றமும் இருக்கின்றன.